ஏலே என்று கூப்பிட்டவள்

என் தங்கச்சி நாட்டை ஆளுகிற தலைவரை 'ஏலே' என்று கூப்பிட்டாள். மீன்பிடித் துறைமுகத்து வாசலில், பட்டப்பகலில், டிவிக்காரர்களும் ஏழெட்டு செல்போன்களும் பார்த்துக்கொண்டிருக்க, கையில் தேசியக் கொடியோடு கூப்பிட்டாள். அதற்கு முன்னால் அவளை எங்கள் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பெயரோடு பிரபலமாகிறவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் அவளுக்கு மூத்தவள். டவுனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பில் போடுகிறேன். அவள் அப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு யார் மேல் கோபம் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அவள் புருசன் மேல்தான் இருக்கும். நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற போட்டில் வேலை பார்ப்பவன். கரைக்கு வந்தால் அவனுக்குத் தூக்கம் வேண்டும், அவளுக்குப் பேச்சு வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. தங்கச்சி புருசனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் என் கண் முன்னால் கால்சட்டையோடு ஓடித் திரிந்தவன். 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு கச்சான் காலத்தில் அவன் போன போட்டு எஞ்சின் நின்று கிழக்கே இழுபட்டது. கச்சான் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, தண்ணீரும் அன்றைக்கு அதே பக்கம் ஓடியிருக்கிறது. கடலுக்குள் கோடு போட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கோட்டை எங்கள் ஆட்களும் கண்ணால் பார்த்ததில்லை, காற்றும் பார்த்ததில்லை. இலங்கைக் கடற்படை வந்து போட்டையும் ஆட்களையும் கொண்டுபோய்விட்டது என்று பக்கத்துப் போட்டுக்காரர்கள் வயர்லெசில் சொன்னார்கள். தாண்டியது தாண்டியதுதான். அதில் வாதாட நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது இந்தக் கரையில் நடந்ததை.

அங்கே கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலில் வைத்தார்கள். போட்டு முதலாளி எங்கள் தெருக்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் வந்து, "இந்தத் தடவ விட்டுருவாவ, கவலப்படாத" என்பார். விட மாட்டார்கள். மறு வாய்தாவுக்கு மறுபடி வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய போட்டும் அங்கேதான் கிடந்தது. அவருக்கும் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

என் தங்கச்சிக்கு அந்தத் தலைவரைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு இதை யாரும் நம்பவில்லை. தேர்தல் சமயத்தில் என்னோடும் அவள் புருசனோடும் சண்டை பிடித்துக்கொண்டுதான் அவருக்கு ஓட்டுப் போட்டாள். "அவன் தைரியசாலிக்கா. நம்ம ஆளுகள எவனாவது தொட்டா சும்மா விட மாட்டான்" என்பாள். புருசன் உள்ளே போன பிறகு தலைவர் டிவியில் பேசும்போதெல்லாம் அவள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். தூத்துக்குடி என்று ஒரு வார்த்தை, மீனவர் என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்ப்பாள். அவர் இந்தியில் பேசுவார், கீழே தமிழ் எழுத்து ஓடும். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அது போய்விடும். "என்னக்கா சொன்னான்? நம்மளப் பத்தியா?" என்று என்னைக் கேட்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒரு கட்டத்துக்கு மேல் பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எங்கள் தெருமுனையில் ஒரு கெபி உண்டு. சிமெண்டில் குகை மாதிரி கட்டி உள்ளே மாதாவை நிறுத்தியிருக்கிறார்கள். போட்டு வரத் தாமதமானால் பெண்கள் அங்கே போய் ஜெபமாலை சொல்வார்கள். ஜெபமாலைக்கும் அசையவில்லை என்றால் திட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் திடுக்கிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரிதான், வழக்கமான காரியம். தங்கச்சியும் போய் நின்றாள்.

"ஏளா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ மட்டும் ஒம்புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கியே, எம்புருசன எவ பாத்துக்கிடுவா? இன்னும் ஒரு வாய்தா பாப்பேன். அப்புறம் ஒம்மூஞ்சில முழிக்க மாட்டேன், பாத்துக்க."

ஆணுக்கு ஏலே என்றால் பெண்ணுக்கு ஏளா. தேவதாய்க்கே 'ஏளா' தான். அந்தப் பக்கமாக வந்த பங்குச் சாமியார் காதில் விழாத மாதிரி நடையை எட்டிப் போட்டார். அவர் எங்கள் கரையில் பிறந்தவர். திட்டுகிறவள் மறுநாளும் வருவாள், திட்டாதவள்தான் வராமல் போவாள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வாய்தாவும் போனது. போட்டு முதலாளிகள் சேர்ந்து துறைமுகத்து வாசலில் ஆர்ப்பாட்டம் என்று அறிவித்தார்கள். அண்ணாச்சி ஒரு பை நிறையக் காகிதக் கொடிகளோடு வந்தார். "நம்மள நாட்டுக்கு எதிரின்னு ஒரு பய சொல்லிரக் கூடாது. எல்லாரும் ஆளுக்கொண்ணு பிடிங்க" என்று கொடுத்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆளை விடுவிக்கச் சொல்லி நம் அரசாங்கத்திடம் கேட்கப் போகிறோம், அதற்கு முன்னால் நாம் இந்த நாடுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.

ஆண்கள் மைக்கில் மேடைத் தமிழில் பேசினார்கள். மத்திய அரசை வலியுறுத்துகிறோம், மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம் என்று நீட்டி முழக்கினார்கள். தங்கச்சி வெயிலில் வெறித்துக்கொண்டு நின்றாள். ஒரு டிவிக்காரப் பெண் வந்து அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?" என்றாள். தங்கச்சி அந்தப் பெண்ணை விட்டுவிட்டு நேரே கேமராவைப் பார்த்தாள். டிவி வழியாக அவர் வருகிறார் என்றால், டிவி வழியாக அவருக்குக் கேட்கவும் செய்யும் என்று நினைத்திருக்கலாம்.

"ஏலே, ஒனக்குத்தானல ஓட்டுப் போட்டேன்! எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் வேண்டாம்னாவ, நான்தான் போட்டேன். எம்புருசன் அங்கன ஜெயில்ல கெடக்கான். நீ ஊரு ஊராப் போயிக் கைய ஆட்டிக்கிட்டுத் திரியுத. ஒரு வார்த்த கேட்டியாலே? ஒனக்கு வாய் இல்லியா? எம்புருசன் ஒனக்கு ஆளு இல்லியா? இந்தா, இந்தக் கொடி எங்க போட்டுலயும் வரைஞ்சிருக்கு. ஒனக்கு மட்டுமாலே இந்தக் கொடி?"

ஒவ்வொரு கேள்விக்கும் கையில் இருந்த கொடியை முன்னால் நீட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். நன்றாகக் கேட்டாள் என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் நான் ஆபீசில் நுழைந்ததும் எல்லோரும் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். யாரோ அதை வெட்டியிருந்தார்கள். ஓட்டுப் போட்டேன் என்று அவள் சொன்னது இல்லை. புருசன் ஜெயிலில் கிடக்கிறான் என்று சொன்னதும் இல்லை. முதலில் ஒரு 'ஏலே', அதை ஒட்டி 'ஒனக்கு வாய் இல்லியா', பிறகு கொடி ஆடுகிறது, பிறகு 'ஒனக்கு மட்டுமாலே'. அவ்வளவுதான். 'தலைவரை ஒருமையில் இழிவுபடுத்தி, தேசியக் கொடியை ஆட்டி மிரட்டும் பெண்' என்று மேலே எழுதியிருந்தார்கள். இன்னொன்று இந்தி எழுத்தோடு சுற்றியது. எங்கள் ஆபீசில் இந்தி தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லத் தயங்கினார். ஏலே என்பதற்கு அவர்கள் போட்டிருந்த அர்த்தத்தை நான் இங்கே எழுத மாட்டேன். பெற்ற தாயைச் சேர்த்துத் திட்டுகிற வார்த்தை அது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், பேமிலி மேட்டர ஆபீஸ்குள்ள கொண்டு வராதீங்க. நமக்கு கவர்ன்மெண்ட் கிளையண்ட் இருக்காங்க" என்றார். நான் பையைத் தவிர எதையும் கொண்டு வரவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் தாய் மகனை ஏலே என்றுதான் கூப்பிடுவாள். கூட்டாளி கூட்டாளியைக் கூப்பிடுவான். சண்டையும் அதே வார்த்தையில்தான் தொடங்கும், சமாதானமும் அதே வார்த்தையில்தான் முடியும். இழுக்கிற இழுப்பில் வித்தியாசம் தெரியும். யாரிடம் நமக்குப் பாத்தியதை உண்டோ அவனைத்தான் ஏலே என்போம். சொந்தம் அறுந்துபோனவர்களிடம்தான் 'நீங்க, வாங்க, போங்க' எல்லாம். பாகப் பிரிவினையில் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதைக் கேட்டால் தெரியும், அவ்வளவு மரியாதையாக இருக்கும். கெபியில் மாதாவைக் கேட்ட மாதிரியே தங்கச்சி அவரையும் கேட்டாள். மாதாவுக்குத் தமிழ் தெரியும் என்பதை மறந்துவிட்டாள்.

அவள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் ஆண் குரல்கள். சிலது தமிழ், சிலது புரியாத மொழி. புரியாமல் இருந்ததே நல்லது. புருசன் விசயமாக அங்கேயிருந்து யாராவது கூப்பிடலாம் என்பதால் அணைத்து வைக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் ஆசையோடு எடுப்பாள், முகம் செத்துப்போய் வைப்பாள். இறால் கம்பெனியில் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள், பிறகு கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை.

புகார் வந்திருக்கிறது என்று போலீஸ் ஸ்டேசனில் இருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் வடக்கே வேலூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மோசமான மனிதர் இல்லை.

"ஏலேன்னா என்னம்மா அர்த்தம்?" என்றார்.

"ஏலேன்னா ஏலேதான் சார்" என்றாள் தங்கச்சி.

"மரியாதையான வார்த்தையா, மரியாதை இல்லாத வார்த்தையா? அதச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "சார், ஆண்டவர நாங்க நீ, வா, போன்னுதான் கூப்பிடுதோம். அது மரியாதையா, மரியாதை இல்லாததா?" என்று நான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க ரெண்டு பேருக்குமே வாய் ஜாஸ்திம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். எதிர்த்தரப்பு சமாதானமாகப் போனால் வழக்கு வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எதிர்த்தரப்பு என்பது எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர். தலைவரின் கட்சி. முத்தையாபுரத்தில் வீடு. எனக்கும் முன்பே பழக்கம், ஆபீசுக்கு லாரி விசயமாக வருவார். அண்ணாச்சி அவரைக் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

"தங்கச்சி, ஒன் கஷ்டம் எனக்குத் தெரியும்மா. ஆனா நீ நம்ம தலைவர இப்படிப் பேசினா அங்கன ஜெயில்ல வச்சிருக்கவன் என்ன நெனப்பான்? சொந்த நாட்டுலயே இவருக்கு மதிப்பு இல்லன்னு சிரிக்க மாட்டானா? நாட்ட நாமளே விட்டுக் கொடுக்கலாமா?"

"நாட்ட யாரு விட்டுக் கொடுத்தா? அவ கேட்டது ஒரு ஆளுகிட்ட. அந்த ஆளு நாடா?" என்றேன் நான்.

"நாட்டுக்குத் தலைவர்னா நாடுதான்."

"அப்ப எலெக்சன்ல அவரு தோத்தா நாடு தோத்துருமா? வேற ஆளு வந்தா வேற நாடா?"

"படிச்சவிய இப்படித்தான் பேசுவிய" என்றார். பிறகு, "வீட்டுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. வெளிய சொல்லாதிய" என்றார்.

"வீட்டுக்குள்ள சொன்னா அவருக்கு எப்படிக் கேக்கும்?"

அண்ணாச்சி குறுக்கே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தார். "எம்மா, மேல பேச்சு நடந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுதாவ. நம்ம ஆளுகள விடச் சொல்லி இங்கேருந்து அழுத்தம் கொடுக்கணும். கொடுக்கது யாரு? இவியதான். இந்த நேரத்துல ஒன் வீடியோவப் பாத்துட்டு, அந்தப் பொம்பள புருசன் மட்டும் கெடக்கட்டும்னு ஒருத்தன் நெனச்சுட்டான்னா என்ன செய்வ? நம்ம போட்டுல போன மத்தவனும் சேந்துல்லா கெடப்பான்? ஒரு மாப்பு கேட்டு வீடியோ போட்ரு. முடிஞ்சு போச்சு."

அப்படி யாராவது நினைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நினைக்க மாட்டார்கள் என்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் தேவையே இல்லை. நான் எழுந்து, "இவ ஒரு தப்பும் பண்ணல. மாப்பும் கேக்க மாட்டா, ஒண்ணும் கேக்க மாட்டா. கெளம்புங்க" என்றேன்.

தங்கச்சி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ சும்மா இரு அக்கா. ஒம்புருசன் வீட்டுல இருக்கான்" என்றாள்.

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

வீடியோ எடுத்தது அண்ணாச்சியுடைய ஐஸ் கம்பெனி ஆபீஸ் ரூமில். சுவரில் துணிக் கொடி ஒன்றைக் கட்டி, அதற்கு முன்னால் அவளை நிறுத்தினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று கட்சிக்காரர் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களைப் பற்றி நான் அறியாமையால் கூறிய சொற்கள்' என்று தொடங்கியது. அவளுக்குப் படிக்க வரும், ஆனால் பேச்சில் வராத வார்த்தைகள். 'அறியாமையால்' என்ற இடத்தில் இரண்டு தடவை தடுமாறினாள். பிறகு சரியாகச் சொன்னாள், ஆனால் பாதியில் கண்ணீர் வந்துவிட்டது. போனைப் பிடித்திருந்தவர் நிறுத்தினார்.

"அழாமச் சொல்லும்மா. அழுதா கட்டாயப்படுத்துன மாதிரி இருக்கும்" என்றார்.

முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். ஐஸ் உடைக்கிற இடத்தில் இருந்த குழாயில் கழுவிவிட்டு வந்தாள். இந்தத் தடவை கண்ணீர் வரவில்லை. அவர் என்றாள், அவர்கள் என்றாள், தாங்கள் என்றாள். நான் ஒரு மூலையில் நின்று கேட்டேன். எங்கள் கரைப் பேச்சு தெரிந்த யாருக்கும் அது மன்னிப்பாகக் கேட்டிருக்காது. அன்றோடு அவருக்கும் அவளுக்கும் தீர்ந்தது என்றுதான் கேட்டிருக்கும். அந்த அறையில் இருந்த எல்லோரும் எங்கள் கரைக்காரர்கள்தான். ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் ஜெய் ஹிந்த் சொல்லச் சொன்னார்கள். அந்த வார்த்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தியது அது. கத்தினால் மிட்டாய் கொடுப்பார்கள் என்பதற்காக மட்டும் கத்தியதில்லை, உண்மையாகவே நெஞ்சு நிமிரும். அதைத் தண்டனை மாதிரி ஒருத்தியைச் சொல்ல வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நாட்டின் மேல் பாசம் உள்ளவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள் என்பது என் எண்ணம். தங்கச்சி சொன்னாள். குரல் சின்னதாக இருக்கிறது, இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

போன் அடிப்பது நின்றது. வழக்கு இல்லை என்று ஸ்டேசனில் சொல்லிவிட்டார்கள். தங்கச்சி வீட்டில் பாத்திரச் சத்தமும் நின்றுபோனது. சுவரில் காதை வைத்துக் கேட்டால்கூட ஒன்றும் கேட்காது. டிவி பார்ப்பதையும் விட்டுவிட்டாள். கெபிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். நான் ஒரு நாள் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மாதா முன்னால் கைகட்டி நின்று, ஜெபமாலையை ஒப்பித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு வார்த்தை ஏசவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அங்கே கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். அந்தப் போட்டில் போன எல்லோரையும், வேறு ஊர்க்காரர்களையும் சேர்த்துத்தான் விட்டார்கள். வேறு ஊர்ப் பெண்கள் யாரும் எந்தத் தலைவரையும் ஏலே என்று சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. போட்டு மட்டும் அங்கேயே கிடக்கிறது. "பாத்தியா, மாப்பு கேட்டது வீண் போகல" என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். போட்டைப் பறிகொடுத்த மனிதரிடம் எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஏலே என்று கேட்டதால்தான் விட்டார்களோ என்றும் சொல்லலாம். இரண்டில் எதுவும் இல்லாமல் அவர்கள் நாட்டுச் சட்டப்படி நாள் முடிந்ததால் விட்டார்களோ என்னவோ. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கேயிருந்து வேனில் ஊருக்கு வந்தார்கள். தங்கச்சி கேமரா முன்னால் நின்ற அதே வாசலில் வரவேற்பு வைத்தார்கள். அவள் புருசனுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கைகள் மெலிந்து சட்டைக்குள் ஆடின. கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் சால்வை போட்டு, வாயில் லட்டை வைத்து, மைக்கைக் கொடுத்தார். அவன் முறை வந்தது. "எல்லாருக்கும் நன்றி" என்றான். கட்சிக்காரர் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். "தலைவருக்கும்" என்று சேர்த்துக்கொண்டான். கைதட்டினார்கள். தங்கச்சி கூட்டத்தின் பின்னால், என் முதுகுக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால் போ என்று தள்ளினேன், போகவில்லை.

மத்தியானம் அவள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். சாளை மீன் போட்டுப் புளிமுளம் குழம்பு வைத்திருந்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நான் விசயத்தை மெதுவாக எடுத்தேன். அவனுக்கு வேறு யாராவது சொல்லி, அரைகுறையாகத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

"இங்க கொஞ்சம் பிரச்சினை ஆயிட்டுப்பா. இவ ஒரு வீடியோல..."

"பாத்தேன் மதினி" என்றான்.

அங்கே ஜெயிலில் தமிழ் பேசுகிற காவலர் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரு நாள் தன் போனைக் கம்பிக்கு வெளியே பிடித்து, இது உங்கள் ஊர்ப் பொம்பளைதானே என்று காட்டியிருக்கிறார். வெட்டாத, முழு வீடியோ.

"எல்லாவனும் எந்திரிச்சு வந்துட்டான் மதினி. இவ ஏலேன்னு கத்துதா, உள்ள எல்லாவனும் சிரிக்கான், அழுதான். எனக்குன்னா கால் தரையில நிக்கல. எம்பொண்டாட்டில்லான்னு எல்லாவன்கிட்டயும் சொன்னேன். அன்னைக்கு ராத்திரிதான் அங்கன போயி மொதத் தடவ நல்லாத் தூங்கினேன்."

தங்கச்சி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் ஆடியது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"பொறவு அடுத்ததையும் காட்டினாரு" என்றான்.

தங்கச்சி மெல்லத் திரும்பி, "ஒங்களுக்காகத்தான கேட்டேன்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவள் 'ஒங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. அவளுக்காக வருத்தப்படுகிற முகம்தான்.

"தெரியும்ளா. நான் உள்ள கெடக்கேன், நீயாவது வெளிய இருக்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான்.